“நெசவுன்னு எழுதுங்க சார்!”

(தேசியக் கைத்தறி தினமான ஆகஸ்ட் 7 அன்று மாலை, நம் குடியிருப்பின் கூட்ட அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்.)



“அஞ்சு நிமிஷம் பேசுங்க” என்று செயலாளர் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து, “அஞ்சு நிமிஷம் இருங்க, முடிச்சுத் தர்றேன்” என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சொன்னவன் நான். அதனால் என் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று கைத்தறி தினம். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அதன் நினைவாக 2015 முதல் இந்த நாளைக் கொண்டாடுகிறோம். முதல் விழா நம் சென்னையில்தான் நடந்தது. இதெல்லாம் செய்தித்தாளில் வரும் விஷயம். நான் பேச வந்தது வேறு. இரண்டு தவறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டும் நான் செய்தவை.

முதல் தவறு 1990-களில் நடந்தது. அப்போது நான் கடன் பிரிவில் இருந்தேன். சிறுமுகைப் பக்கத்திலிருந்து ஒருவர் நகைக் கடனுக்கு வந்தார். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரச் சொன்னார். பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் எழுதினேன். ‘தொழில்’ என்ற கட்டம் வந்தது. “என்ன பண்றீங்க?” என்றேன். “தறி ஓட்டறனுங்க” என்றார். “சொந்தத் தறியா?” “இல்லீங்க, மாஸ்டர் வீவர்கிட்ட கூலிக்கு நெய்யறனுங்க.” நான் அந்தக் கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். கணக்குப்படி அது சரிதான். அவர் எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. ரொம்ப மெதுவாக, “கூலின்னு போடாதீங்க சார். நெசவுன்னு எழுதுங்க” என்றார். நான் அடித்துத் திருத்தினேன். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும் போட்டேன், அடித்தல் திருத்தலுக்கு அது விதி. அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது தவறு இந்த வருஷம் நடந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். “அப்புச்சி, நான் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கட்டுமா? நெசவெல்லாம் கத்துக் குடுப்பாங்களாம்” என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் பொழுதுபோக்குக்கு வெச்சுக்கோ சாமி. பி.காம். போட்டுரு” என்றேன். புள்ளை ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போச்சு. ராத்திரி படுக்கையில் யோசித்தால், அந்தப் பழைய விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ‘கூலி’ என்று எழுதினேன். இன்றைக்கு ‘பொழுதுபோக்கு’ என்று எழுதியிருக்கிறேன். கட்டம் ஒன்றுதான்.

அதற்கப்புறம் அவளே எனக்குச் சில புத்தகங்களையும் படங்களையும் காட்டினாள். அதில் கிடைத்த ஒரு மனிதரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். பெயர் கே.ஜி. சுப்பிரமணியன். கே என்றால் கல்பாத்தி. ஆமாம், நம்மில் பலர் தேர் பார்க்கப் போகும் பாலக்காட்டுக் கல்பாத்திதான். தமிழ்க் குடும்பம். அவர் பிறந்தது 1924-இல், வட கேரளத்தில் கூத்துப்பறம்பில்.

வெளியுலகம் அவரை ஓவியர் என்று அறியும். பத்மஸ்ரீ, பத்மபூஷண், 2012-இல் பத்மவிபூஷண் வரை பெற்றவர். ஆனால் ஓவியத்தோடு நிற்கவில்லை. சுடுமண், பொம்மை, கண்ணாடி ஓவியம், சுவர்ச் சித்திரம், நெசவு என்று அவர் கை தொடாத வேலை குறைவு. அதைவிட முக்கியம், நாற்பது வருஷத்துக்கு மேல் கலை ஆசிரியராகப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பில் இருந்தவர்.

அவர் முதலில் படித்தது கலை இல்லை. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம், நம்ம பக்கத்து ஆள்தான் என்று. பி.காம்.காரனுக்குப் பொருளாதாரக்காரர் பங்காளி மாதிரி. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்தது. இவர் அதில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தால், அரசுக் கல்லூரிகளில் சேரத் தடை. பதினெட்டு, இருபது வயசுப் பையன். நம் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் என்ன சொல்லுவோம்? “போச்சு, வாழ்க்கையே போச்சு” என்று சொல்லியிருப்போம்.

அவர் 1944-இல் சாந்திநிகேதனுக்குப் போனார். தாகூர் நிறுவிய இடம். அங்கே கலாபவனத்தில் நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய மூன்று பெரிய ஆசிரியர்கள். நந்தலால் போஸ் 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக, காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில், கிராமத்து மக்களின் வேலைகளையெல்லாம் படமாக வரைந்தவர். ஓவியம் உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்ற பிரிவு அந்தப் பள்ளியில் இல்லை. படம் வரைபவனும் கைவேலை பழக வேண்டும். சுப்பிரமணியன் அங்கே எடுத்துக்கொண்ட முதல் பாடம் அதுதான். கடைசி வரை அதை விடவில்லை.

1951-இல் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். நடுவில் லண்டன் போய் ஸ்லேட் கலைப் பள்ளியில் படித்துவிட்டு வந்தார். நல்ல உத்தியோகம், நல்ல பெயர். ஆனால் 1959-இல் அதை விட்டுவிட்டு பம்பாய்க்குப் போய், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநரானார். 1961 வரை அங்கே இருந்தார்.

கைத்தறி வாரியம் 1952-இல் அமைந்தது. மில் துணியோடும் விசைத்தறியோடும் போட்டி போட முடியாமல் கைத்தறி திணறிய காலம். வெறும் மானியம் கொடுத்தால் போதாது, புதிய வடிவம் வேண்டும் என்று நினைத்து, 1956 முதல் பம்பாய், சென்னை போன்ற ஊர்களில் நெசவாளர் சேவை மையங்களைத் திறந்தார்கள். அதில் ஒரு புதுமை. படித்த ஓவியர்களை வேலைக்கு எடுத்து, சாயம் போடுபவரோடும் நெய்பவரோடும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்கள். நம் சென்னையில் எம். ரெட்டெப்ப நாயுடு போன்ற ஓவியர்கள் அப்படி வேலை பார்த்தவர்கள்தான்.

ஓவியர் தறிப்பக்கம் போனால் என்ன ஆகும்? முதல் நாளே அவர் கர்வம் அடங்கிவிடும். குழந்தைகளே, இதைக் கவனியுங்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே நாடாவில் போய்வரும் நூல் ஊடை. பாவு நூல் ஒன்று ஒவ்வோர் இடத்திலும் மேலே இருக்கும், இல்லை கீழே இருக்கும். மூன்றாவது வழி கிடையாது. காகிதத்தில் நீங்கள் அழகாக ஒரு வளைவு போட்டுவிடலாம். தறியில் அது படிப்படியாகத்தான் ஏறும். அந்த மயிலையும் மாங்காயையும் கட்டம் போட்ட தாளில் மாற்றி, எந்தக் கட்டத்தில் நூல் மேலே, எதில் கீழே என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். ஜக்கார்டு பெட்டியில் அட்டைகளில் ஓட்டை போட்டிருப்பார்களே, அதுதான் இந்தக் கணக்கு. இன்றைய கம்ப்யூட்டருக்கே அது ஒரு பாட்டன் முறை. எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். ஒரு பதிவு தப்பினால் மாலையில் கணக்கு டேலி ஆகாது, ராத்திரி எட்டு மணி வரை தேடுவோம். தறியில் ஒரு நூல் தப்பினால் சேலை முழுக்கக் கோடு விழும். இதைத்தான் நான் ‘கூலி’ என்று எழுதினேன்.

ஆக, ஓவியர் நெசவாளருக்குப் புது வடிவம் சொல்லிக்கொடுத்தார் என்பது பாதிக் கதை. தறி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று நெசவாளர் ஓவியருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது மீதிப் பாதி. சுப்பிரமணியன் இந்த மீதிப் பாதியையும் புரிந்துகொண்டவர். பரோடாவுக்குத் திரும்பி வந்தார். அங்கே நுண்கலைப் பிரிவில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சந்தை போடுவார்கள். பொம்மை, கைவினைப் பொருள் எல்லாம் செய்து, ஊர் மக்கள் வாங்குகிற விலையில் வைப்பார்கள். பேராசிரியர் சுப்பிரமணியனும் மரமும் மணியும் வைத்துப் பொம்மை செய்தார். 1968 முதல் 1974 வரை அந்தப் பிரிவின் தலைவராகவும் இருந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் அவரே போட்டார். மரபு என்பது பீரோவில் பூட்டி வைக்கும் பட்டுப்புடவை இல்லை, உடுத்தி, கிழிந்து, மறுபடி நெய்யப்படுவது என்பதுதான் அவர் எழுத்தின் சாரம் என்று நான் புரிந்துகொண்டேன். 1987-இல் வந்த அவருடைய நூலின் பெயரே ‘தி லிவிங் ட்ரெடிஷன்’, வாழும் மரபு.

இப்படி ஒரு நினைப்பு இவருக்கு மட்டும் வந்ததா என்றால், இல்லை. கடல் தாண்டி இவருக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். ஆனி ஆல்பர்ஸ் என்று ஒரு ஜெர்மன் அம்மையார். 1922-இல் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப் பள்ளியில் சேர்ந்தார். கண்ணாடி வேலைப் பட்டறைக்குப் போக ஆசைப்பட்டார். பெண்பிள்ளை என்று நெசவுப் பக்கம் தள்ளிவிட்டார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் தறியில் உட்கார்ந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கணவரோடு அமெரிக்கா போய், 1933 முதல் 1949 வரை பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு கற்பித்தார். பெரிய தறியில் ஆரம்பிக்காமல், பெரு நாட்டுப் பழங்குடிகள் இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்யும் எளிய தறியை மாணவர் கையில் கொடுத்தார். 1949-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அங்கே ஒரு நெசவுக் கலைஞருக்கு நடந்த முதல் தனிக் கண்காட்சி அது. 1965-இல் நெசவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதை யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? கல்லூரி முதல்வருக்கு இல்லை, கணவருக்கு இல்லை. பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு. அவர்களைத் தம் பெரிய ஆசிரியர்கள் என்று குறிப்பிட்டார். பெயர் தெரியாத, எப்போதோ மறைந்த நெசவாளர்கள் ஒரு பேராசிரியருக்கு ஆசிரியர்கள்! இதைப் படித்தபோது சிறுமுகைக்காரர் குரல் மறுபடி கேட்டது.

ஆசிரியரை மாணவரை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பார்கள். சுப்பிரமணியனின் மாணவி ஒருவரைச் சொல்கிறேன். மிருணாளினி முகர்ஜி. சாந்திநிகேதனில் சுப்பிரமணியனுக்குப் பாடம் சொன்ன வினோத் பிகாரி முகர்ஜியின் மகள், 1949-இல் பிறந்தவர். அப்பாவிடம் இவர் படித்தார், மகள் இவரிடம் படித்தார். பரோடாவில் ஓவியம் முடித்துவிட்டு, சுப்பிரமணியனிடம் சுவர்ச் சித்திர வடிவமைப்பு படிக்கும் காலத்தில், சணல் கயிறு போன்ற இயற்கை நார்களைக் கையில் எடுத்தார். வேறு ஆசிரியராக இருந்தால், “இது கட்டில் பின்னுகிற சாமான், போய் வர்ணம் எடுத்து வா” என்று சொல்லியிருக்கலாம். இவர் ஊக்கம் கொடுத்தார்.

மிருணாளினி தறிகூட வைத்துக்கொள்ளவில்லை. சாயம் போட்ட கயிற்றைக் கையால் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பினார். ஒன்றைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். யக்ஷி, தேவி, வனஸ்ரீ என்று பெயர்கள். சிலை என்பதா, துணி என்பதா? நம் ஊர்க் கோயில் முன் நிற்கும் காவல் தெய்வத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது. 2015 ஜனவரிக் கடைசியில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்தது. ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 2 அன்று, அவர் காலமானார். 2019-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. ஆசிரியர் சுப்பிரமணியன் 1980-இல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1989-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று பேர்தான். எண்பது தாண்டியும் சாரத்தில் ஏறிச் சுவரில் வரைந்தார். நான் ஓய்வு பெற்று என்ன செய்கிறேன் என்று என் வீட்டுக்காரம்மாவைக் கேட்காதீர்கள். 2016 ஜூன் 29 அன்று பரோடாவில் அவர் மறைந்தார்.

சரி, இதற்கும் காரமடைக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிருந்து சிறுமுகை வண்டியில் அரை மணி நேரம்கூட இல்லை. மென்பட்டுக்குப் பேர் போன ஊர். நம் கோவைப் பகுதியில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் கோரா காட்டன் சேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு தறியின் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றிருப்போம்? நானே, வங்கி வேலைக்காகப் போனதைத் தவிர, நின்றதில்லை.

அந்த நகைக் கடன் அண்ணனைச் சில வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வந்திருந்தார். “பையனுக்குத் தறி தெரியுமா?” என்று கேட்டேன். “கத்துக் குடுக்கலீங்க. தறிச் சத்தம் என்னோட நிக்கட்டும்” என்றார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பும் காலும் போனவருக்குத் தெரியும், மகனுக்கு எது வேண்டும் என்று. பையன் இன்ஜினியர் ஆகட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் அப்பா மகனுக்கும், அம்மா மகளுக்கும் சொல்லிக்கொடுத்து வந்த படிப்பு அந்த இடத்தில் அறுந்துபோகிறது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கச் சுமார் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலிலும் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். அதில் 25 லட்சத்துக்கு மேல் பெண்கள். இவர்களுக்குத் தெரிந்தது அடுத்த தலைமுறையில் யாருக்குத் தெரியும்?

நெசவில் ‘பாவு பிணைத்தல்’ என்று ஒரு வேலை உண்டு. பழைய பாவு தீரும் நேரத்தில், தறியில் இருக்கும் பழைய நூல் முனை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் நூல் முனையைக் கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான நூல். பெரும்பாலும் பெண்கள்தான் செய்வார்கள். சேலையில் அந்த இடம் தெரியாது. அதைச் செய்யாவிட்டால் அடுத்த சேலையே கிடையாது. சுப்பிரமணியன் வகுப்பறையில் செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் தொடர முடியாத படிப்பை, அதன் மரியாதை குறையாமல் இன்னொரு தலைமுறையின் கையோடு சேர்த்துவிட்டார்.

ஆகையால் என் பேத்தியிடம் சொன்னதை இந்த மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது பொழுதுபோக்கு இல்லை, படிப்பு. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அகமதாபாத்தில் 1961 முதல் தேசிய வடிவமைப்பு நிறுவனம், சென்னையில் 1995 முதல் நிஃப்ட். இங்கே கோவையிலேயே ஜவுளித் தொழில்நுட்பமும் துணியியலும் சொல்லித்தரும் நல்ல கல்லூரிகள் உண்டு. வேலை, சம்பளம், கல்விக் கடன் எல்லாம் விசாரிக்கத்தான் வேண்டும். நான் வங்கிக்காரன், விசாரிக்காதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை கேட்ட உடனே அடித்துவிடாதீர்கள். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நான் இன்று போடுகிறேன்.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, காலாண்டு விடுமுறையில் ஒரு நாள், குழந்தைகளைச் சிறுமுகையில் ஒரு நெசவுக்கூடத்துக்குக் கூட்டிப்போவோம். முன்கூட்டியே கேட்டு, அவர்கள் வேலை கெடாத நேரத்தில் போக வேண்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்குச் சங்கத்திலிருந்து ஒரு தொகை கொடுக்க வேண்டும். ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளம் அது. இரண்டு, தீபாவளிக்கு வாங்கும் துணியில் ஒன்றாவது கைத்தறியாக இருக்கட்டும். 2006 முதல் கைத்தறி முத்திரை இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். நெய்தவரிடமே வாங்கினால் பேரம் பேசாதீர்கள். மாலில் யாரும் பேரம் பேசுவதில்லையே. மூன்று, நம் குடியிருப்பிலேயே நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த பெரியவர்கள் இருக்கலாம். மடிக்கணினி வேலை பார்க்கும் மகனோடு வந்து தங்கியிருப்பார்கள். அவர்கள் பெயரை எழுதும்போது ‘ஓய்வு’ என்றோ ‘வீட்டில் இருப்பவர்’ என்றோ எழுதாதீர்கள். ஒரு நாள் மாலை இந்த மேடைக்கு அவர்களைக் கூப்பிடுவோம். எனக்குக் கொடுத்த இந்த அஞ்சு நிமிஷத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.

பேத்தியின் கல்லூரி விண்ணப்பம் இன்னும் வரவில்லை. வந்ததும் பூர்த்தி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “பாடம்” என்ற கட்டத்தை மட்டும் அவளே எழுதுவாளாம். “நீங்க எழுதுனா மறுபடி பி.காம்.னு போட்டுருவீங்க அப்புச்சி” என்கிறாள்.

சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.